தையல் மெஷின்கள் எங்கே போயின?

(பெங்களூர் அல்சூரில், ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் அறக்கட்டளை இன்னும் நன்றாக வேலை செய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் அப்பாவையே கூப்பிட்டு மாப்பிள்ளையிடம் என்ன குறை என்று கேட்பது மாதிரி இருக்கிறது இது. இங்கே பதினொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். குறை என்று எதை எடுத்தாலும் அதில் பாதி என் கையெழுத்தில்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம். அந்தப் படம்தான் அந்த வருஷத்து ஆண்டறிக்கையின் அட்டை. ‘பதினான்கு குடும்பங்களில் ஒளி’ என்று தலைப்பு. அதை எழுதியதும் நான்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, அந்த மெஷின்களுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்களா பார்க்கலாம் என்று ஸ்ரீராம்புரம் பக்கமும் எல்.ஆர். நகர் பக்கமும் ஒரு நடை போனேன். நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் துணி விரித்து டிவி வைத்திருந்தார்கள். மற்ற ஒன்பதும் வீட்டில் இல்லை. அடகுக்கடையில் சில, பழைய சாமான் கடையில் சில. நம் கமிட்டியில் இதைச் சொன்னபோது உடனே வந்த பதில், “இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் சார்” என்பது. நானும் தலையாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெஷினை விற்ற ஒரு அக்காவிடம் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினேன். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. முதல் வாரம் தோடு அடகுக்குப் போனது. இரண்டாவது வாரம், பாதிதான் கட்டியிருந்த சீட்டைத் தள்ளி எடுத்தார். மூன்றாவது வாரம் மீட்டர் வட்டி. வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றபோது மெஷின். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “மெஷின் கொடுத்தீங்க, சந்தோஷம் சார். ஆனா அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில கட்ட ஒரு அஞ்சாயிரம் யாராவது கைமாத்தா கொடுத்திருந்தா, மெஷினும் இருந்திருக்கும், தோடும் இருந்திருக்கும்.”

தைக்கத் தெரியாமல் அவர் விற்கவில்லை. சோம்பேறித்தனத்தாலும் விற்கவில்லை. கையில் இருந்த பொருள்களில் கடைசியாகப் போனதுதான் நம்முடைய மெஷின். முதலில் தன் தோட்டைக் கொடுத்திருக்கிறார் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள நான் சந்து சந்தாக அலைந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்திலேயே இருக்கிறது. அனிருத் கிருஷ்ணா என்று ஒருவர், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து பிறகு அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், அப்புறம் கென்யா, உகாண்டா, பெரு என்று ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைக் கேட்டு, 2010-இல் ‘ஒன் இல்னெஸ் அவே’ என்ற புத்தகமாக எழுதினார். வறுமை இன்னும் ஒரே ஒரு நோய் தூரத்தில்தான் இருக்கிறது என்பது தலைப்பின் பொருள். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீடு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது, நடுவில் என்ன நடந்தது? வறுமையிலிருந்து ஏறும் படிகள் எவை என்பதைக்கூட அவர் முடிவு செய்யவில்லை, ஊராரையே உட்காரவைத்துச் சொல்லச் சொன்னார். முதலில் வயிற்றுக்குச் சோறு. அதற்கப்புறம் பிள்ளைகளின் பள்ளி, உடுத்தத் துணி, கடனை அடைப்பது.

அவர் கண்டது இது: ஒரே ஊரில், ஒரே காலத்தில், சில குடும்பங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, வேறு சில விழுந்துகொண்டிருக்கின்றன. பத்துப் பேர் ஏறி எட்டுப் பேர் விழுந்தால் கணக்கில் இரண்டு பேர் முன்னேறியதாக வரும். அந்த எட்டுப் பேர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார்கள். விழுந்தவர்களைக் கேட்டால் எல்லா இடத்திலும் முன்னால் நிற்பது நோயும் வைத்தியச் செலவும். அதற்குப் பின்னால் கல்யாணச் செலவு, சாவுச் செலவு, கொள்ளை வட்டி. குடியும் சோம்பலும் பட்டியலில் மிகவும் கீழே. குடியே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எந்தச் சந்தில் எந்த வீட்டில் எவ்வளவு குடி என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாம் அதை முதல் காரணமாகச் சொல்வது நம் வசதிக்காக.

பெங்களூரிலும் பதினான்கு குடிசைப் பகுதிகளை அவர் ஆராய்ந்தார். பெரும்பாலான குடும்பங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்பதுதான் முடிவு. கண்ணெதிரே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த அதே வருஷங்களில்.

இனி நம் ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். கொடுத்த நோட்டுப் புத்தகம் எத்தனை, அரிசி மூட்டை எத்தனை, போர்வை எத்தனை, எல்லாம் இருக்கிறது. நாம் உதவிய குடும்பங்களில் அந்த வருஷம் எத்தனை கீழே விழுந்தன என்று ஒரு வரி இல்லை. கேட்கவே இல்லை, பிறகு எப்படி இருக்கும்? ஓட்டைக் குடத்தில் எத்தனை செம்பு ஊற்றினோம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓட்டை எங்கே என்று குடத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும். இதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஒசூர் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். வருங்கால வைப்பு நிதி விதியை மத்திய அரசு மாற்றியது. வேலையை விட்டாலும், முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்றது. நல்ல எண்ணம்தான். முதுமைக்குப் பணம் இருக்கட்டும் என்று டெல்லியில் யாரோ நினைத்தார்கள். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் கார்மென்ட்ஸ் பெண்கள் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். பெரிய தலைவர் யாரும் கூப்பிடவில்லை, முன்கூட்டிக் கூட்டம் எதுவும் போடவில்லை. ஆயிரம் ஆயிரமாக வந்தார்கள். இரண்டாம் நாள் பஸ்கள் எரிந்தன, போலீஸ் தடியடி நடந்தது. அன்று மாலைக்குள் அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது.

அந்தப் பெண்களுக்கு முதுமையைப் பற்றிக் கவலை இல்லையா? இருக்கிறது. ஆனால் அன்றைக்கு, வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்துக் கையில் வந்த அந்த பி.எஃப். பணம்தான் பெண்ணின் பிரசவம், அம்மாவின் ஆபரேஷன், ‘லீஸ்’ வீட்டுக்கு அட்வான்ஸ், மீட்டர் வட்டிக்காரனின் கணக்கு. அவர்களிடம் இருந்த ஒரே ஓட்டையடைப்பு அது. அதை எடுத்து 58 வயது வரை பூட்டி வைத்தால் நடுவில் இருக்கும் முப்பது வருஷத்தை எப்படிக் கடப்பது? திட்டம் போட்டவருக்குத் தெரியாத இது, காலர் தைக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நாமும் அந்த டெல்லிக்காரர் மாதிரிதான் நல்ல எண்ணத்தோடு மெஷின் வாங்கினோம்.

ஆகவே என் முதல் கோரிக்கை ஒரு அவசர நிதி. பெரிதாக வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஐயாயிரம், பத்தாயிரம். வட்டி கிடையாது. கேட்ட இரண்டு நாளுக்குள் கையில் இருக்க வேண்டும். கமிட்டி கூடும் வரை காத்திருக்கச் சொன்னால் அதற்குள் வட்டிக்காரன் கொடுத்துவிடுவான், அவன் சைக்கிளில் வீட்டுக்கே வருகிறவன். திருப்பிக் கட்டுவதை அந்தத் தெருச் சீட்டு மாதிரியே வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்பது நம்மைவிடத் துல்லியமாகத் தெரியும். சில பேர் கட்டமாட்டார்கள். அந்த நஷ்டத்தை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதி வைத்துவிடுவோம், பிறகு யாரும் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

“ஆயுஷ்மான் கார்டு இருக்கிறதே, அஞ்சு லட்சம் வரை அரசே கொடுக்கிறதே” என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம், பி.பி.எல். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் எடுக்கும் ஸ்கேன், வெளியே வாங்கும் மாத்திரை, ஆட்டோ, துணைக்கு இருக்கும் மனைவியின் போன கூலி, இவையெல்லாம் பெரும்பாலும் கார்டில் வராது. சர்க்கரை வியாதி மாதிரி மாதா மாதம் கரைக்கிற நோய்க்கும் வராது. 2003-இல் டாக்டர் தேவி ஷெட்டி முன்னின்று கர்நாடகத்தில் ‘யஷஸ்வினி’ தொடங்கியபோது, கூட்டுறவுச் சங்க விவசாயி மாதம் 5 ரூபாய் கட்டினால் ஆபரேஷன் செலவு கிடைத்தது. ஐந்து ரூபாயாக இருந்தாலும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தால் நடக்கும் என்று காட்டினார்கள். ஆனால் அதுவும் ஆபரேஷன் மேஜை வரைக்கும்தான். மேஜைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற செலவுதான் தோட்டைக் கேட்கிறது. நம் அளவுக்கு ஏற்ற இடம் அது.

வட்டிக் கொடுமையை அரசே ஒப்புக்கொண்டாயிற்று. மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர்களின் தொல்லை தாங்காமல் மைசூரு, சாமராஜநகர், ராமநகரப் பக்கங்களில் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியதும், தற்கொலைகளும் செய்தியானபோது, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டி வசூலித்தால் 10 ஆண்டு வரை சிறை. சட்டம் வசூல்காரனைத் தடுக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் பணம் கட்ட அது உதவாது.

இரண்டாவது கோரிக்கை, காகிதம். இதைச் சொன்னால் யாருக்கும் கை தட்டத் தோன்றாது, இருந்தாலும் ஒரு கணக்குச் சொல்கிறேன். கர்நாடக அரசின் கிருஹலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து. வருஷத்துக்கு 24,000. விடுபட்டுப் போன 500 குடும்பங்களை அதில் சேர்த்துவிட்டால் அந்தத் தெருக்களுக்கு வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் வருகிறது. நம் அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து வசூலித்த மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஏன் விடுபடுகிறார்கள்? ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று மாமியார் பெயர் இருக்கும், மாமியார் செத்து நாலு வருஷம் ஆகியிருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் ஒரு எழுத்து. ‘செல்வி’யா ‘சல்வி’யா என்று ‘பெங்களூரு ஒன்’ சேவை மையக் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு தடவை திரும்பியவர் மூன்றாவது தடவை போகமாட்டார். நம் ஆட்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பாட்டுக்கூடப் பாடுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. படிவம் கன்னடத்தில் இருக்கும். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு ஊரில் ரேஷன் கார்டு இருக்கும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வந்து சில வருஷங்கள் ஆகியும், அந்தக் கார்டை வைத்து இங்கே மத்தியத் தொகுப்பு அரிசி வாங்கலாம் என்று பலருக்கு யாரும் சொல்லவில்லை. கட்டடத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. நகரத்தில் எழும் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் செலவிலும் 1 சதவீதம் செஸ்ஸாக அதற்குப் போகிறது. நான் சொன்ன அந்த அக்காவின் வீட்டுக்காரர் அதில் பதிவே செய்யவில்லை. முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரி கையெழுத்துப் போட மாட்டேன் என்றாராம். விபத்து உதவித்தொகை இருக்கிறது என்பதே அவருக்கு என்னிடமிருந்துதான் தெரிந்தது, அதுவும் ஒரு வருஷம் கழித்து.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரின் குப்பை பொறுக்குகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரு விடியும்போது எழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2011-இல் ‘ஹசிரு தள’ என்ற அமைப்பு அவர்களோடு வேலை தொடங்கியது. போர்வையிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. மாநகராட்சியிடமிருந்து அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தார்கள். அதுவரை விடிகாலையில் கோணியோடு நடந்தாலே திருடன் என்று பிடித்தார்கள். அட்டை வந்ததும் அதே ஆள் நகரத்தின் தொழிலாளி. அப்புறம் வார்டுகளில் உலர் குப்பை மையங்கள் வந்தபோது அவற்றை நடத்தும் பொறுப்பு பல இடங்களில் அவர்கள் கைக்கே வந்தது. ஒரு அட்டை அச்சடிக்க என்ன செலவாகும் என்று நினைக்கிறீர்கள்?

இந்தக் காகித வேலைக்கு எனக்கு வேண்டியது சம்பளத்துக்கு ஒரு ஆள். அந்தத் தெருவிலேயே இருக்கும், எஸ்.எஸ்.எல்.சி. கன்னடத்தில் படித்த, தமிழும் பேசும் ஒரு பெண். படிவக்கார அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் சிக்கல் வரும். “நிர்வாகச் செலவு பத்து சதவீதத்துக்குமேல் போகக்கூடாது” என்று நாமே பெருமையாக அச்சடித்து வைத்திருக்கிறோம். சம்பளம் என்றால் வீண், மெஷின் என்றால் தர்மம் என்பது எந்தச் சாஸ்திரமோ எனக்குப் புரியவில்லை.

மெஷின் கொடுத்ததே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு. மிகவும் ஏழையான குடும்பத்துக்கு மாடோ ஆடோ சின்ன வியாபாரச் சரக்கோ அவர்கள் விருப்பப்படி கொடுப்பது. கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. முதல் சில மாதங்கள் சாப்பாட்டுக்கு வாரப்படி, ஒரு சேமிப்புக் கணக்கு, ஒன்றரை, இரண்டு வருஷம் வரை வாரா வாரம் வந்து பார்க்கும் ஒரு ஆள். மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் அமைப்பு இதைச் செய்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் பத்து வருஷம் கழித்தும் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்கள் அப்போதும் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தன. கஷ்டம் வந்தால் உடனே மாட்டை விற்றுவிடக்கூடாது என்பதற்குத்தான் அந்த வாரப்படி. நாம் மாட்டை மட்டும் கொடுத்தோம்.

கேரளம் இதுபோன்ற ஒன்றை மாநில அளவில் செய்தது. வார்டு வார்டாகத் தேடி 64,006 அதிவறிய குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு சிறு திட்டம் எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்குக் கூரை, ஒரு வீட்டுக்கு வெறும் ரேஷன் கார்டு. 2025 நவம்பர் 1-ஆம் தேதி அதிவறுமை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின் மேல் பொருளாதார அறிஞர்கள் பலர் கேள்வி எழுப்பினார்கள், அதுவும் நியாயமே. எனக்குப் பிடித்தது அறிவிப்பல்ல, வீட்டுக்கொரு தாள் என்கிற அந்த முறை.

கொடுப்பவர்களின் ஆசையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், இங்கே நன்கொடையாளர்கள் உட்கார்ந்திருந்தாலும். இதே ஊரில் 2000-ஆம் ஆண்டு 5 பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கிய அட்சய பாத்திரம் இன்று நாட்டின் மிகப் பெரிய சமையலறைகளில் சிலவற்றை நடத்துகிறது. அது சாதனைதான். ஆனால் வெங்காயமும் பூண்டும் முட்டையும் இல்லாத சாப்பாடு யாருடைய விருப்பம் என்று ஒரு சர்ச்சை எழுந்தது நினைவிருக்கும். பிள்ளைகள் முட்டை சாப்பிடுகிறவர்கள். பிற்பாடு 2024-இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடகப் பள்ளிகளில் வாரம் ஆறு நாளும் முட்டை கொடுக்க ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் தர ஒப்பந்தம் போட்டது. எவ்வளவு பெரிய அறமானாலும் வாங்குகிறவரின் நாக்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் தீபாவளிக்குக் கொடுக்கும் புடவையின் நிறத்தைக்கூட ஒரு தடவையும் கேட்டதில்லை.

நிலைத்து நிற்கும்படி கொடுத்தவர்களும் உண்டு. இந்தக் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஆற்காடு நாராயணசாமி முதலியார் பெயரில் இருக்கும் கல்வி அறக்கட்டளையின் பள்ளி. இன்று ஹைகோர்ட் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் அவர். வறிய நிலையிலிருந்து வந்து பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், சம்பாதித்த தமிழர். 1873-இல் அவர் தொடங்கிய பள்ளி, தாது வருஷப் பஞ்சத்தையும் தாண்டி, நூற்றைம்பது வருஷத்துக்குமேல் நடக்கிறது. தர்மத்தை அன்றைய சோற்றோடு நிறுத்தாமல் அதற்கு வருமானம் வரும் சொத்தையும் எழுதி வைத்த கை அது. கணக்குப்பிள்ளை என்ற முறையில் எனக்கு அவர்மேல் பொறாமைகூட உண்டு.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஒன்று, குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பது. குறையும். முந்நூறு குடும்பத்துக்குப் போர்வை கொடுத்த இடத்தில் எண்பது குடும்பத்தை ஒரு வருஷம் விடாமல் பார்ப்போம். அடுத்த ஆண்டறிக்கை மெலிதாக இருக்கும், அட்டைப்படத்துக்கு ஆள் கிடைக்காது. இன்னொன்று, பழக்கப்படுத்திவிட்டால் கையேந்திக்கொண்டே இருப்பார்கள் என்பது. தோட்டை முதலில் அடகு வைத்த பெண்ணைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நம்மால் முடியாதவையும் உண்டு. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்களின் தகர வீடுகளை மூன்று நான்கு நாளில் இடித்துத் தள்ளினார்களே, அப்போது எந்த அவசர நிதியும் ஒன்றும் செய்திருக்காது. அதற்கு வக்கீல் வேண்டும், சங்கம் வேண்டும், ஓட்டு வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு சின்னக் கல்லாப்பெட்டியும் ஞாயிற்றுக்கிழமைகளும்.

எனவே கமிட்டியிடம் மூன்று தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் மெஷின் வாங்க ஒதுக்கிய பணம் அவசர நிதிக்கு. ஒரு படிவக்கார அக்காவுக்குச் சம்பளம். ஆண்டறிக்கையில் ‘இந்த வருஷம் விழுந்த குடும்பங்கள்’ என்று ஒரு பக்கம், எண்ணோடு. அக்கா கிடைக்கும் வரை நாமே உட்கார வேண்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்.ஆர். நகர் மாரியம்மன் கோவில் பக்கத்தில் மேஜை போடுகிறோம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் வேண்டும். தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீல மசிப் பேனாவும், தேவைப்படுகிறவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் கொண்டுவாருங்கள். போன தடவை எல்லோரும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.